கொழுத்தவால் பல்லி வளர்ப்பு: முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

கொழுத்தவால் பல்லியை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது சுவரில் ஏறிவிடாதா?" என்பதுதான். ஏறாது. சுவர்ப் பல்லியின் விரல்களில் இருக்கும் ஒட்டும் பட்டைகள் இதற்குக் கிடையாது. சின்னச் சின்ன நகங்கள் மட்டும்தான். சுவர்ப் பல்லிக்கு இல்லாத இமைகள் இதற்கு உண்டு, கண்ணை மூடித்தான் தூங்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் முதல் கேமரூன் வரையுள்ள புல்வெளிகளும் வறண்ட காடுகளும் இதன் பூர்விகம். பகல் முழுக்க வளையிலோ கல்லிடுக்கிலோ சருகுக்கு அடியிலோ முடங்கிக் கிடக்கும், இருட்டிய பிறகுதான் வெளியே வந்து இரை தேடும்.

செல்லப்பிராணிகளாக அதிகம் வளர்க்கப்படும் சிறுத்தைப் பல்லிக்கு, அதாவது லெப்பர்ட் கெக்கோவுக்கு, இது நெருங்கிய உறவு. அதனால் "லெப்பர்ட் கெக்கோவை வளர்க்கிற மாதிரியே வளர்த்தால் போதும்" என்று பலர் சொல்வார்கள். சூட்டைப் பொறுத்தவரை அது சரி. ஈரத்தில் அது தவறு, இந்தப் பல்லிக்கு வரும் தொல்லைகளில் பாதி அந்தத் தவறிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் ஈரத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன்

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். வளர்ந்த பல்லி 18 முதல் 23 செ.மீ. நீளம் இருக்கும், ஆண்கள் சற்றுப் பெரியவை. இத்தனை ஆண்டுகள் உங்களால் பொறுப்பேற்க முடியுமா என்று வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டு முடிவெடுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் அயல்நாட்டு ஊர்வனவற்றை வளர்க்க அனுமதியோ பதிவோ தேவையா என்பதையும், ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் அருகில் யார் என்பதையும் பல்லி வருவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த பிறகு மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

காட்டில் பிடித்து ஏற்றுமதி செய்யப்பட்ட பல்லிகள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. விலை குறைவு என்று அதை எடுக்காதீர்கள். வயிற்றில் புழுக்களோடும், பயணத்தில் நீர் வற்றிய உடலோடும், எதையும் சாப்பிடாத பயத்தோடும் வரும். கூண்டில் பிறந்து வளர்ந்த பல்லியாகப் பார்த்து, அதிலும் சில மாதங்கள் நன்றாகச் சாப்பிட்டுத் தேறிய ஒன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது வாலை முதலில் பாருங்கள். கொழுப்பும் அதன் மூலம் ஆற்றலும் அங்கேதான் சேமிப்பில் இருக்கும். கழுத்தின் பருமனாவது வாலுக்கு இருக்க வேண்டும். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, வால் குச்சி போல இருந்தால் வேண்டாம். அப்புறம் கண்கள் முழுதாகத் திறக்கின்றனவா, தாடை நேராக இருக்கிறதா, கழிவுத் துளை சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். விரல்களை எண்ணுங்கள், ஒவ்வொரு காலிலும் ஐந்து. முடிந்தால் உங்கள் கண்முன்னே இரை கொடுக்கச் சொல்லுங்கள். இதுவரை எந்தப் பூச்சியைச் சாப்பிட்டு வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் அதையேதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

தொட்டி

ஒரு பல்லிக்கு ஒரு தொட்டி. இவை கூட்டமாக வாழும் உயிரினம் அல்ல. இரண்டு ஆண்களைச் சேர்த்து விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். பெண்களிலும் வலுவானது மற்றதைச் சூடான இடத்துக்கும் இரைக்கும் அண்டவிடாது.

60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் என்பதைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 90 செ.மீ. நீளம் கிடைத்தால் மிக நல்லது. உயரத்தைவிடத் தரைப்பரப்புதான் இதற்கு முக்கியம். பின்பக்கத்தையும் இரு பக்கவாட்டுகளையும் கருப்புத் தாள் ஒட்டி மறைத்துவிட்டால் பல்லி சீக்கிரம் நிதானத்துக்கு வரும். உள்ளே மூன்று மறைவிடங்கள் வேண்டும்: சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரமானது ஒன்று. உடல் நுழைந்ததும் முதுகு கூரையில் உரசுகிற அளவு ஒடுக்கமாக இருந்தால்தான் அதற்குப் பாதுகாப்பாகத் தோன்றும். தாழ்வான தண்ணீர்க் கிண்ணம் ஒன்று, தவறாமல்.

தரைக்கு முதல் இரண்டு மாதம் டிஷ்யூ பேப்பரே போதும். அழகாக இருக்காதுதான். ஆனால் மலம் எப்படி இருக்கிறது, எவ்வளவு சாப்பிட்டது, எச்சத்தில் புழு ஏதும் தெரிகிறதா என்பதெல்லாம் பேப்பரில்தான் தெளிவாகத் தெரியும். பல்லி நன்றாகத் தேறிய பிறகு, உரம் கலக்காத மண்ணும் தென்னை நார்த்துகளும் கலந்து 5 முதல் 8 செ.மீ. ஆழத்துக்குப் போடலாம். "கால்சியம் மணல்" என்று விற்பதையும் பொடித்த வால்நட் ஓட்டையும் வாங்காதீர்கள், இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும்.

சூடு

பல்லிக்குத் தன் உடலில் சூட்டை உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. தின்றது செரிக்க வேண்டுமென்றால் வெளியிலிருந்து சூடு வேண்டும். சூடான மறைவிடத்தின் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும், எதிர்ப்பக்கம் 24 முதல் 26. இரவில் 21 அல்லது 22 வரை இறங்கினால் பாதகமில்லை. பேப்பர் விரித்த தொட்டிக்கு, அடியில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் ஒட்டும் ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு, போதும். ஆழமாக மண் போட்டிருந்தால் அந்தச் சூடு மேலே வராது, அப்போது மேலிருந்து சூடு தரும் விளக்கு வேண்டும்.

எதை வைத்தாலும், சூட்டை அளவு மீறாமல் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைக்காதீர்கள். இதில் மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. கட்டுப்பாடு இல்லாத ஹீட் மேட் 45 டிகிரியைக்கூடத் தாண்டும். வயிறு வெந்துகொண்டிருப்பது தெரியாமலேயே பல்லி அதன் மேல் படுத்திருக்கும். கண்ணாடிச் சுவரில் ஒட்டும் வட்டத் தெர்மாமீட்டர் காற்றின் வெப்பத்தைத்தான் காட்டும். நமக்கு வேண்டியது பல்லியின் வயிறு படும் இடத்தின் வெப்பம். உணரியை அங்கேயே, தரையில் வையுங்கள். இரவில் சிவப்பு விளக்கு வேண்டாம், இருட்டு இருட்டாகவே இருக்கட்டும்.

வெயிலில் இருப்பது போன்ற புற ஊதாக் கதிரைத் தரும் யூவிபி விளக்கு கட்டாயமில்லை, ஆனால் வைத்தால் நல்லது என்பது என் கருத்து. 5 அல்லது 6 சதவீத அளவில் மென்மையான குழல் விளக்கு, அதன் கீழ் நிறைய நிழல். நிறமி இல்லாத அல்பினோ வகைப் பல்லியாக இருந்தால் அதன் கண்ணுக்கு வெளிச்சம் கூசும், அதற்கு இன்னும் குறைவாக.

ஈரம்

தொட்டியின் காற்றில் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் இருக்க வேண்டும். இதை அளக்க டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், ஊகத்தில் ஓட்டாதீர்கள். ஆனால் தொட்டி முழுவதையும் நனைத்து வைப்பதல்ல வழி. ஒரு மறைவிடத்தை மட்டும் எப்போதும் ஈரமாக வைத்து, வேண்டும்போது பல்லியே அதற்குள் போய்க்கொள்ள விடுவதுதான் வழி. காட்டிலும் அது அப்படித்தான் வாழ்கிறது. மேலே நிலம் காய்ந்திருந்தாலும் வளைக்குள் ஈரம் இருக்கும்.

ஈர மறைவிடம் செய்வது எளிது. பல்லி உள்ளே போய்த் திரும்ப இடம் உள்ள ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் அதன் தலையைவிட ஒன்றரை மடங்கு அகலத்தில் ஒரு துளை வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். அந்த விளிம்பில்தான் தினமும் வயிற்றை உரசிக்கொண்டு போய்வரும். உள்ளே ஸ்பாக்னம் பாசியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து நிரப்புங்கள். பிழியும் பதம் முக்கியம். கையில் எடுத்து இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், சும்மா தூக்கிப் பிடித்தால் சொட்டக் கூடாது. பாசி கிடைக்காவிட்டால் தென்னை நார்த்துகளோ நனைத்த டிஷ்யூ பேப்பரோ போதும். டப்பாவைச் சூடான பக்கமும் குளிர்ந்த பக்கமும் சந்திக்கும் இடத்தில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை விரலை விட்டுத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். வாரம் ஒருமுறை கழுவி, பாசியை மாற்றுங்கள் அல்லது வெந்நீரில் அலசிப் போடுங்கள். பூஞ்சை வாடை வந்தால் உடனே எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள்.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது தோல் உரிக்கும் அன்று புரியும். வளர்ந்த பல்லி ஏறத்தாழ நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை தோலுரிக்கும், குட்டிகள் இன்னும் அடிக்கடி. அதற்கு ஓரிரு நாள் முன்பு பழுப்புப் பட்டைகளெல்லாம் மங்கி, உடல் முழுக்க மாவு பூசினாற்போல வெளுக்கும். சாப்பாட்டில் நாட்டம் குறையும், ஈர டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். பிறகு மூக்கைக் கல்லில் தேய்க்கும், உதட்டோரம் தோல் விடும். அதை வாயால் கவ்வி இழுத்து, கையுறை கழற்றுவதுபோல ஒவ்வொரு விரலாக உருவி, உருவியதை அப்படியே விழுங்கிவிடும். காலையில் நீங்கள் பார்க்கும்போது புதுத்துணி உடுத்தியதுபோல பளிச்சென்று இருக்கும். தோலின் சுவடே கிடைக்காது.

ஆனால் அன்று டார்ச் எடுத்து மூன்று இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: விரல் நுனிகள், வால் நுனி, இமை ஓரம். காற்று காய்ந்திருந்தால் அங்கெல்லாம் தோல் வளையம்போல ஒட்டிக்கொள்ளும். அது காயக் காயச் சுருங்கி, இரத்த ஓட்டத்தை நிறுத்தி, விரல் நுனி கறுத்து உதிர்ந்துவிடும். என்னிடம் உள்ள பெண் பல்லிக்கு இடது முன்காலில் இரண்டு விரல் நுனிகள் கிடையாது. முன்பு வளர்த்தவர் அதை அன்பாகத்தான் பார்த்துக்கொண்டார். தினமும் இரை கொடுத்தார், தொட்டியைச் சுத்தமாக வைத்திருந்தார். ஈர டப்பா ஒன்று வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தோல் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். காற்றுத்துளை உள்ள ஒரு டப்பாவில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த டிஷ்யூ விரித்து, சுமார் 30 டிகிரி சூட்டில் 20 நிமிடம் பல்லியை உள்ளே விடுங்கள். தோல் ஊறிய பிறகு நனைத்த காட்டன் பட்ஸால் விரலின் அடியிலிருந்து நுனியை நோக்கி மெதுவாக உருட்டுங்கள். வராவிட்டால் மறுநாள் மறுபடி செய்யுங்கள். கண்ணில் ஒட்டியிருந்தால் நீங்கள் தொடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தரை எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வயிற்றுத் தோலில் கொப்புளம் வரும், குளிரும் சேர்ந்துவிட்டால் நெஞ்சில் சளி கட்டும். ஈரம் டப்பாவுக்குள் இருக்கட்டும், நடக்கும் தரை பெரும்பாலும் காய்ந்தே இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம்

தொட்டியை ஒரு வாரம் முன்பே தயார் செய்து, சூடும் ஈரமும் நிலையாக நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே பல்லியைக் கொண்டுவாருங்கள். வந்ததும் உள்ளே விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். இரண்டு வாரம் கையில் எடுக்க வேண்டாம். மூன்றாம் நாள் வாக்கில் மாலையில் ஒன்றிரண்டு பூச்சிகளை விட்டுப் பாருங்கள். தொடாவிட்டால் எடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி விடுங்கள். புது இடத்தில் ஒரு வாரம், பத்து நாள் சாப்பிடாமல் இருப்பது இந்த இனத்துக்குச் சாதாரணம்.

இரை

இது முழுக்க முழுக்கப் பூச்சி தின்னி. பழம், காய்கறி, சோறு, இறைச்சி எதுவும் ஆகாது. உயிரோடு அசையும் பூச்சி மட்டும்தான். அன்றாட இரையாகக் கிரிக்கெட் எனப்படும் சுவர்க்கோழி, டூபியா கரப்பான், பட்டுப்புழு, பிளாக் சோல்ஜர் ஈயின் புழு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். மீல்வார்ம் எனப்படும் வண்டுப் புழுவும் கொடுக்கலாம், ஆனால் அது மட்டுமே உணவாகிவிடக் கூடாது. மெழுகுப் புழுவில் கொழுப்பு மிக அதிகம். அதன் ருசி கண்டுவிட்டால் மற்றதைத் திரும்பியும் பார்க்காத பல்லிகள் உண்டு. மெலிந்த பல்லியைத் தேற்ற வேண்டியிருந்தால் ஒழிய, மாதம் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம்.

இரையின் அளவுக்கு ஒரே கணக்கு: பல்லியின் இரண்டு கண்களுக்கும் இடையே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்குத் தினமும் அப்படி ஐந்தாறு பூச்சிகள். பாதி வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். முழு வளர்ச்சி அடைந்ததற்கு வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து முதல் ஏழு. வளர்ந்த பல்லிக்குத் தினமும் இரை போடுவதில் பலருக்கு ஆசை. வேண்டாம். வால் பருத்தால் அழகு என்று நினைத்து ஊட்டிக்கொண்டே போனால் கல்லீரலில் கொழுப்பு சேரும். அக்குளில் குமிழ்போலக் கொழுப்பு திரண்டு தெரிந்தால் இரையைக் குறைக்கும் நேரம் வந்துவிட்டது.

பூச்சி என்ன தின்றதோ அதைத்தான் பல்லியும் தின்கிறது. அதனால் இரை கொடுப்பதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பே பூச்சிகளுக்குக் கீரை, கேரட், பூசணி, தானியத் தவிடு என்று நன்றாகத் தின்னக் கொடுங்கள். பட்டினி கிடந்த கிரிக்கெட் வெறும் ஓடுதான்.

அடுத்தது கால்சியம். எலும்புக்குக் கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்ற விகிதத்தில் உணவு இருக்க வேண்டும். கிரிக்கெட், கரப்பான், மீல்வார்ம் எல்லாவற்றிலும் இது தலைகீழ், பாஸ்பரஸ்தான் பல மடங்கு. பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் மட்டும் கால்சியம் இயல்பாகவே நிறைய உண்டு. மற்றவற்றைக் கொடுக்கும் முன் ஒரு பையிலோ டம்ளரிலோ போட்டு, ஒரு சிட்டிகை கால்சியம் பவுடர் தூவிக் குலுக்குங்கள். பூச்சியின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் படிந்தால் போதும், அப்பிக்கொள்ள வேண்டியதில்லை. யூவிபி விளக்கு இல்லாத தொட்டியென்றால் வைட்டமின் டி3 கலந்த கால்சியமாக இருக்க வேண்டும். டி3 இல்லாமல் கால்சியம் உடலில் ஏறாது. விளக்கு இருந்தால் பெரும்பாலும் டி3 இல்லாததே போதும், கலந்ததை மாதம் இரண்டு முறை. வைட்டமின் ஏ உள்ள மல்டிவைட்டமின் பவுடர் வாரத்துக்கு அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. டி3, ஏ இரண்டும் உடலில் தேங்கும், அளவுக்கு மீறினால் நஞ்சாகும். டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள்.

இரை கொடுக்க ஏற்ற நேரம் விளக்கு அணைந்து அரை மணி நேரம் கழித்து. ஒரு பூச்சியை உள்ளே விட்டுவிட்டு அசையாமல் நின்று பாருங்கள். பல்லி முதலில் தலையை மட்டும் திருப்பும். அப்புறம் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, பூனை பதுங்குவதுபோல நெருங்கும். இரண்டு விரற்கடை தூரத்தில் நின்றதும் வால் நுனி மட்டும் படபடவென்று துடிக்கும். அடுத்த நொடி பூச்சி வாயில் இருக்கும். இடுக்கியால் கொடுப்பதாக இருந்தால் முனையில் ரப்பர் பூசியதாகப் பாருங்கள், குறி தவறி உலோகத்தைக் கடித்தால் தாடையில் காயம் ஆகும். கால் மணி நேரத்தில் தின்னாத கிரிக்கெட்டுகளை வெளியே எடுத்துவிடுங்கள். பசித்த கிரிக்கெட் பல்லியையே கடிக்கும்.

தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், பூச்சிமருந்து பட்டிருக்கலாம். மின்மினியை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். அதன் உடலில் உள்ள நஞ்சு ஊர்வனவற்றின் இதயத்தைத் தாக்கும், ஒன்றே ஒன்று போதும் உயிரை எடுக்க.

சாப்பிடாமல் இருந்தால்

புதிதாக வளர்ப்பவர்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். கொழுத்தவால் பல்லி குளிர் மாதங்களில் வாரக்கணக்கில் இரையைத் தொடாமல் இருக்கும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆணும், முட்டை திரளும் காலத்தில் பெண்ணும் அப்படித்தான். என் பல்லி வந்த முதல் குளிர்காலத்தில் ஐந்து வாரம் ஒரு பூச்சியைக்கூடத் தொடவில்லை. நான் தினமும் தொட்டியருகே உட்கார்ந்து கலங்கிக்கொண்டிருந்தேன். என்னை நிதானமாக இருக்க வைத்தது சமையலறைத் தராசு மாதிரி ஒரு சின்ன டிஜிட்டல் தராசுதான். 62 கிராம் இருந்தது ஐந்து வாரத்தில் 60 ஆனது, வால் அப்படியே உருண்டு இருந்தது. ஆறாவது வாரம் ஒரு டூபியாவைப் பிடித்தது.

ஆகவே வாரம் ஒருமுறை எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். எடை நிலையாக இருந்தால் சூட்டையும் ஈரத்தையும் சரிபார்த்துவிட்டு, வாரம் இரண்டு முறை இரை காட்டிவிட்டுக் காத்திருங்கள். இருந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வால் ஒட்டத் தொடங்கினாலோ காத்திருக்கக் கூடாது. குட்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றிடம் சேமிப்பு குறைவு, ஒரு வாரம் சாப்பிடாவிட்டாலே விசாரியுங்கள்.

கையில் எடுப்பது

மேலிருந்து பாய்ந்து பிடித்தால் பருந்து என்று நினைக்கும். பக்கவாட்டிலிருந்து கையை நீட்டி, வயிற்றுக்கு அடியில் விரல்களைக் கொடுத்து, நான்கு கால்களும் படும்படி எடுங்கள். தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி, ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். வாலை மெதுவாக உயர்த்தி அலையாட ஆட்டினால், "கிட்டே வராதே" என்று பொருள். அன்றைக்கு விட்டுவிடுங்கள். சாப்பிட்ட நாளும் தோல் உரிக்கும் நாளும் எடுக்காதீர்கள்.

வாலைப் பிடிக்கவே கூடாது. பயந்தால் உதறிவிடும். திரும்ப முளைக்கும், ஆனால் மோதிர வளையங்கள் இல்லாமல், முள்ளங்கி போல வழவழவென்று. விழுந்துவிட்டால் இரத்தம் அதிகம் வராது. மண்ணை எடுத்துவிட்டுப் பேப்பர் விரித்து, காயம் ஆறும்வரை ஒரு வேளை கூட்டியே இரை கொடுங்கள். சேமிப்பு முழுவதும் அதோடு போய்விட்டது.

தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊர்வனவற்றின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். அதன் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையில் எடுக்க வேண்டாம்.

மருத்துவரிடம் எப்போது

தாடை ரப்பர்போல நெகிழ்ந்தாலோ, கால்கள் வளைந்தாலோ, நடக்கும்போது நடுங்கினாலோ கால்சியக் குறைபாடு. வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மூக்கில் குமிழி வந்தாலோ நுரையீரலில் தொற்று. நன்றாகத் தின்றும் வால் குச்சியாக மெலிந்து, தின்றதைக் கக்கி, நாற்றத்தோடு நீர்த்த மலம் போனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். இதற்கு நிச்சயமான சிகிச்சை இல்லை, பிளீச்சுக்கும் எளிதில் சாகாது. ஏற்கெனவே ஒரு பல்லி இருக்கும் வீட்டுக்கு இரண்டாவதைக் கொண்டுவந்தால் 90 நாள் வேறு அறையில், தனி இடுக்கி, தனிக் கிண்ணத்தோடு வைக்கச் சொல்வது இதனால்தான்.

உடல்நலம் நன்றாக இருந்தாலும் வாங்கிய முதல் மாதத்திலேயே ஒரு மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். பல்லி பெரும்பாலும் ஒரே மூலையில்தான் மலம் போகும், அதனால் சேகரிப்பது சுலபம். 24 மணி நேரத்துக்குள் போனதை, காய்ந்துவிடாமல் ஈரமான பஞ்சுத் துண்டோடு சின்ன டப்பாவில் போட்டு மூடி, எடை எழுதிய நோட்டையும், தொட்டியின் சூடு ஈர அளவுகளையும், கொடுக்கும் பவுடரின் டப்பாவைப் படம் எடுத்தும் கொண்டுபோங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.